படத்தம்மா மன்னிக்கவில்லை

செய்தி வந்தபோது நான் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அது என் வேலை. ஆஸ்பத்திரி ஊழியர் தங்கராசு சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வந்து, "டாக்டரய்யா, அம்மா போயிட்டாங்க" என்றார். எந்த அம்மா என்று கேட்டேன். எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லோருமே அம்மாதான்.

"படத்தம்மாங்க. காலையில காப்பி குடிச்சிட்டு டம்ளரக் கீழ வச்சிருக்காங்க. அப்படியே சாஞ்சிட்டாங்களாம்."

டாக்டர் மங்கையர்க்கரசி அவர்களை நேரில் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் போலகத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்காலில் எங்கள் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவுக்கு மருத்துவராக வந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. இறக்கும்வரை அங்கேயே வேலை பார்த்தார். நோயாளிகளுக்கு முழுப் பெயர் வாயில் நுழையாததால் படத்தம்மா ஆனார். பித்தக்குழாய் அடைத்துக் காமாலை கண்டவர்களுக்கு, வயிற்றைத் திறக்காமல், முதலில் படம் பார்த்து வழியைக் கண்டுகொண்டு, பிறகு ஊசியாலும் மெல்லிய குழாயாலும் பித்தத்தை வடியவிடும் சிகிச்சையை இந்தக் கடற்கரையில் முதன்முதலில் செய்தவர் அவர். முதன்முதலில் என்று எழுதலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். எனக்குத் தெரிந்தவரை முதன்முதலில் என்று திருத்திக்கொள்கிறேன்.

நான் அதே ஆஸ்பத்திரியில் பொது மருத்துவனாக இருந்து ஓய்வு பெற்றவன். மேடைப் பேச்சு எனக்கு வராது. இரங்கல் கூட்டத்தில் என்னை அழைத்தார்கள். எழுந்து நின்றேன், ஒலிபெருக்கியைப் பார்த்தேன், உட்கார்ந்துவிட்டேன். பேசிய மற்றவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். அம்மையார் மென்மையானவர், யார் மீதும் வருத்தம் கொள்ளாதவர், எல்லோரையும் மன்னித்தவர் என்றார்கள். அது சரியல்ல. அவர் ஒருவரை மன்னிக்கவே இல்லை. அவர் செய்த நல்ல காரியங்களில் பெரும்பகுதி அந்த மன்னிக்காமையிலிருந்து வந்தது. அதை விட்டுவிட்டு அவரைப் புகழ்ந்தால் வேறு யாரையோ புகழ்ந்ததாகிவிடும்.

அந்த ஒருவர் எங்கள் ஆஸ்பத்திரியின் அறுவை மருத்துவர். ஊரே அவரைப் பெரிய டாக்டர் என்று அழைத்தது. நானும் அப்படியே எழுதுகிறேன். பெயரை எழுதாததற்கு என் சுபாவமான பயம் ஒரு காரணம். அஞ்சலிக் கட்டுரையில் இறந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயர் நிற்கவேண்டாம் என்பது இன்னொரு காரணம். இதை அவர் படிப்பார். படிக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எமர்ஜென்சிக்கு முந்தைய ஆண்டு அம்மையாரின் அண்ணன் கலியபெருமாளுக்குக் காமாலை கண்டது. போலகத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கீழாநெல்லி அரைத்துக் குடித்தும் நிற்காமல், சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரிப்போடு வந்து சேர்ந்தார். நான் கண்ணிமையை இழுத்துப் பார்த்தபோது, "கல்யாணத்தப்பகூட எனக்கு இவ்வளவு மஞ்ச பூசல சார்" என்றார். பித்தம் இறங்கும் பாதையில் எங்கோ அடைப்பு என்பது எனக்குத் தெரிந்தது. எங்கே என்பது தெரியவில்லை. அந்த நாளில் வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

அம்மையாரிடம் ஒரு வழி இருந்தது. ஜப்பான்காரர்கள் செய்த, தலைமுடி போன்ற மெல்லிய ஊசியைப் பற்றிச் சென்னையில் கேட்டறிந்து, சிலவற்றை வாங்கியும் வைத்திருந்தார். விலா எலும்புகளுக்கு இடையே ஈரலுக்குள் அதைச் செலுத்தி, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை விட்டால் பித்தக்குழாய்கள் திரையில் தெரியும். அடைப்பு எந்த இடத்தில் என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு என்ன செய்வதென்று முடிவெடுக்கலாம். அண்ணன் பெரிய டாக்டரின் வார்டில் இருந்ததால் அவரிடம் போய்க் கேட்டார். ஒரு காலை நேரம் போதும் என்றார்.

"ஏம்மா, நீங்க கை கால் முறிஞ்சவங்களுக்குப் படம் எடுங்க. வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு என் விரலுக்குத் தெரியும்" என்றார் பெரிய டாக்டர். பிறகு உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகக் கும்பகோணம் போய்விட்டார். தான் திரும்பும்வரை நோயாளி மீது யாரும் ஊசி வைக்கக்கூடாது என்று வார்டில் சொல்லிவிட்டுப் போனார். அவர் வர நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் அம்மையார் அந்த ஊசிகளைக் கொதிக்க வைத்து எடுத்துத் தயாராக வைத்திருந்தார்.

வந்தவர் நேரே வயிற்றைத் திறந்தார். குழாயின் கீழ்முனையில் கல் இருக்கும் என்று நினைத்துத் தேடினார். அங்கே ஒன்றுமில்லை. அடைப்பு மேலே, ஈரலின் வாயிலில் இருந்தது. தேடித் தேடி இரத்தப்போக்கு அதிகமாகி, மூடிவிட்டு வந்தார். கலியபெருமாள் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அறுத்ததால்தான் இறந்தார் என்று நான் எழுதமாட்டேன். மருத்துவத்தில் அப்படி உறுதியாகச் சொல்லிவிட முடியாது. படம் பார்த்திருந்தால் அந்த இடத்தில் கத்தி போயிருக்காது என்று மட்டும் சொல்வேன்.

அம்மையார் பின்னால் என்னிடம் சொன்ன பழி என்ற சொல் இந்த மரணத்தால் வரவில்லை. மருத்துவர்கள் தவறுவதை அம்மையார் அறிவார். அது வந்தது, கலியபெருமாள் இறந்த அன்று பெரிய டாக்டர் வார்டிலிருந்து வெளியே வந்து அம்மையாரின் தாயாரிடம் சொன்ன வார்த்தையால். "உங்க பொண்ணு படம் எடுக்கணும் படம் எடுக்கணும்னு நாளக் கடத்திட்டாங்கம்மா. முன்னாடியே என்கிட்ட விட்டிருந்தா காப்பாத்தியிருப்பேன்."

இதை நான் அப்போது அறியவில்லை. ஓராண்டு கழித்து, பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லையா என்று சாதாரணமாகக் கேட்டபோதுதான் அம்மையார் சொன்னார். தாயார் அந்த வார்த்தையை நம்பிவிட்டார். மகள் எடுத்துச் சொன்னதற்கு, "அவ்வளவு பெரிய டாக்டரு பொய்யா சொல்லுவாரு?" என்று கேட்டிருக்கிறார்.

நான் போய்ச் சொல்லட்டுமா என்றேன். சொல்லும்போதே எனக்கு வியர்த்தது.

"வேணாம் சார். நீங்க சொன்னா நான் ஆள் அனுப்பினேன்னு ஆகும். சொன்னவரே வந்து மாத்திச் சொல்லணும். போய்க் கேட்டேன். 'பழச எதுக்கும்மா கிளறிக்கிட்டு'ங்கிறார்." பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்: "காமாலை வந்த ஒரு ஆள்கூட இனிமே அவர் மேசைல படுக்கக் கூடாது சார். அதான் நான் எடுக்கிற பழி."

கோபத்தில் பேசுகிறார், ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. சேர்த்து வைத்திருந்த விடுப்பை எல்லாம் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனார். ஊசி வழியே மெல்லிய கம்பியைச் செலுத்துவதும், கம்பியின் மேல் குழாயை ஏற்றுவதும், அந்தக் குழாய் வழியே பித்தத்தை வெளியே பைக்கு வடியவிடுவதும் அப்போது புதிதாக வந்துகொண்டிருந்தன. திரும்பி வந்தபோது இளைத்திருந்தார். கண்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்கேன் கருவி வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், துபாயில் கடை வைத்திருந்த நம் ஊர் முஸ்லிம் வணிகர் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தபோது அவர் வீட்டுக்கே அம்மையார் போனார். துணைக்கு நானும் போனேன்.

"இதுல என்னம்மா தெரியும்?" என்று கேட்டார் அந்தப் பெரியவர்.

"வயித்தைத் திறக்காம ஈரலுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியும் பாய்."

"எங்க வூட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னே எனக்குத் தெரிய மாட்டேங்குது. சரி, ஈரலாவது தெரியட்டும்" என்றார் அவர். உள்ளேயிருந்து அவர் மனைவி, "அந்த மிசின மொதல்ல இவங்களுக்கு வச்சுப் பாருங்க டாக்டரம்மா, ஈரல்னு ஒண்ணு இருக்கான்னு" என்றார். கருவி வந்தது.

அதன் பிறகு அவர் வேலை செய்த முறையை எழுதவேண்டும். ஸ்கேனில் குழாய்கள் எங்கே வீங்கியிருக்கின்றன என்று பார்ப்பார். மெல்லிய ஊசியால் மருந்து விட்டு எக்ஸ்ரே எடுப்பார். அந்தப் படத்தை விளக்குப் பெட்டியில் வைத்து, மேலே, அடியில் இருப்பது தெரியும் வெண்ணெய்த்தாளைப் பரப்பி, குழாய்களின் கிளைகளைப் பச்சைப் பென்சிலால் வரைவார். எந்தக் கிளையில் நுழைவது, எந்த விலாவுக்கு மேலே, எவ்வளவு சாய்வாக என்பதைச் சிவப்பில் குறிப்பார். குறித்ததை என்னிடம் காட்டாமல் ஊசியைத் தொடமாட்டார். எனக்கு அந்தத் துறையில் பயிற்சி கிடையாது என்று பலமுறை சொன்னேன்.

"பயிற்சிக்காகவா கூப்பிடுறேன்? இந்த ஆஸ்பத்திரியிலேயே பயந்தவர் நீங்கதான் சார். எங்கெல்லாம் தப்பாப் போகும்னு உங்களுக்குத்தான் தோணும். சொல்லுங்க."

சொல்வேன். நுரையீரல் உறையில் படாதா, இரத்தம் உறையுமா, வைட்டமின் கே ஊசி போட்டு எத்தனை நாள் ஆயிற்று, காய்ச்சல் இருக்கிறதே என்பேன். சில நாட்களில் வெண்ணெய்த்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வரைவார். என் பயம் ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது என் வாழ்க்கையில் அங்கே மட்டும்தான்.

கருக்களாச்சேரி மீனவர் வேதையனை மறக்க முடியாது. வந்தபோது சொறிந்து சொறிந்து மார்பெல்லாம் புண். "மணல அள்ளி ஒடம்புக்குள்ள கொட்டுன மாதிரி இருக்கும்மா. தூங்கி எத்தினி நாளாச்சு" என்றார். அவர் மனைவி பக்கத்தில் நின்று, "பொயல்ல படக எடுத்துட்டுப் போற ஆளு, ஊசின்னதும் நேத்தி ராத்திரி ஊருக்கு ஓடப் பாத்துச்சும்மா" என்றார்.

அம்மையார் அவரை விளக்குப் பெட்டிக்கு முன்னால் அழைத்துக்கொண்டுபோய் அவருடைய படத்தைக் காட்டினார். வேதையன் சற்று நேரம் பார்த்துவிட்டு, "நம்ம அரசலாறு மாதிரி இருக்கு. வாய்க்கா எல்லாம் வந்து சேருது. மொகத்துவாரம் தூந்து கெடக்கு" என்றார்.

"அதேதான். தூர்ந்ததை இப்பத் தோண்டப் போறதில்ல. மேல ஒரு மடை வச்சுத் தண்ணிய வடியவிடப் போறேன். வெள்ளம் வடிஞ்சப்புறம் தூர் வாரிக்கலாம்."

"அப்ப வயித்த அறுக்க மாட்டீங்க?"

"அறுக்கிறவர் வேற. அவர்கிட்ட உங்கள விடமாட்டேன்."

குழாய் உள்ளே போனதும் பை நிறைந்தது. தேயிலைத் தண்ணீரைவிடக் கறுப்பாக இருந்தது. மூன்றாம் நாள் வேதையன் குறட்டை விட்டுத் தூங்கினார். சில வாரம் கழித்து அந்தக் குழாய் வழியாகவே கம்பியைச் செலுத்தி, கீழ்முனையில் சிக்கியிருந்த சிறு கல்லைக் குடல் பக்கம் தள்ளிவிட்டார் அம்மையார். வீட்டுக்குப் புறப்பட்டவரிடம் சொன்னார்: "போறப்பப் பெரிய டாக்டர் ரூமுக்குப் போய் ஒரு வணக்கம் வச்சிட்டுப் போங்க. சட்டையத் தூக்கி வயித்தக் காட்டுங்க. 'ஐயா, தழும்பு இல்லாம போறேன்'னு சொல்லுங்க. மரியாதையா சொல்லணும்."

வேதையனைத் தொடர்ந்து எல்லோரையும் அப்படி அனுப்பினார். இளநீரோ கருவாடோ கொண்டுவந்தவர்களைக்கூட, "எனக்கு வேணாம், அவர்ட்ட குடுங்க" என்பார். ஆஸ்பத்திரியில் அதை அடக்கம் என்று நினைத்தார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் இருவரும் தாழ்வாரத்தில் நின்றிருந்தோம். பெரிய டாக்டரின் அறையிலிருந்து ஒரு நோயாளி சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டே வெளியே வந்தார். அம்மையார் என் பக்கம் திரும்பி, "எங்க அண்ணனுக்கு இன்னொண்ணு" என்றார். எனக்குப் புரிந்தது. புரிந்தபோது கொஞ்சம் பயந்தேன். பிறகு அது எனக்குப் பிடித்துப்போயிற்று என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எல்லோரும் பிழைக்கவில்லை. குழாய் வைத்த பிறகு சீழ்க் காய்ச்சல் வந்து தலத்தெருவைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் இறந்தார். அன்று அனுப்புவதற்கு ஆள் இல்லை. அம்மையாரே பெரிய டாக்டரின் அறைக்குப் போனார். நான் வாசலில் நின்றேன்.

"இன்னிக்கு ஒருத்தர் போயிட்டாங்க. என் கையால. ஜெயிச்சதெல்லாம் அனுப்பிச் சொல்றேன்ல, இதையும் சொல்லணும்."

"என்கிட்ட விட்டிருந்தா பிழைச்சிருப்பாங்க" என்றார் அவர்.

"இருக்கலாம். அவங்க வீட்டுக்காரர்கிட்ட என் தப்பு என்னன்னு சொல்லிட்டுத்தான் வரேன். நீங்களும் ஒருத்தருக்குச் சொல்லவேண்டியது பாக்கி இருக்கு."

பெரிய டாக்டர் மேசை மேலிருந்த தாள்களைப் புரட்ட ஆரம்பித்தார்.

இத்தனை ஆண்டும் அந்தப் பாக்கி தீரவில்லை. காமாலை நோயாளிகள் அவர் மேசைக்குப் போவது குறைந்து, பிறகு அநேகமாக நின்றது. அம்மையார் நினைத்ததை முடித்தார். ஆனால் தாயாரிடம் சொல்லப்பட்ட வார்த்தை அப்படியே இருந்தது. அதோடுதான் அவர் போனார்.

இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் பெரிய டாக்டர். ஓய்வு பெற்றும் குரல் தளரவில்லை. "குணமான ஒவ்வொரு நோயாளியையும் என்னிடம் அனுப்பி ஆசி பெறச் சொல்வார் மங்கையர்க்கரசி. அந்தப் பணிவு இன்று யாரிடம் இருக்கிறது?" என்றார். கூட்டம் தலையசைத்தது. நான் அப்போதுதான் எழுந்து நின்று, பேச முடியாமல் உட்கார்ந்தேன். ஒருவேளை அவர் உண்மையிலேயே அப்படி நம்பியிருக்கலாம். அந்த எண்ணம் எனக்கு இன்னும் எரிச்சலூட்டியது. இத்தனை அடியும் அவர் மேல் விழவே இல்லையா?

மறுநாள் அம்மையாரின் தம்பி செல்வராசு என் வீட்டுக்கு வந்தார். "கருமாதி அன்னிக்குப் படத்திறப்பு வச்சிருக்கோம் சார். பெரிய டாக்டரு கையால தொறக்கலாம்னு இருக்கோம். அக்காவுக்கு அவர் மேல அவ்வளவு மரியாதைன்னு கூட்டத்துல சொன்னாங்களே" என்றார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மாலையில் பெரிய டாக்டர் வீட்டுக்குப் போனேன். வாசல் வரை போய்த் திரும்பி, மறுபடி போனேன்.

"படத்தைத் திறக்கிறதுக்கு முன்னால அந்தத் தாயார்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். கலியபெருமாளுக்கு நாள் கடந்தது மகளால இல்லைன்னு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தக் கிழவிக்கு இனிமே அது தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? நிம்மதியா இருக்கட்டும் விடுங்க சார்."

"அப்ப நான் சொல்லிடுறேன்."

"நீங்களா?" என்று சிரித்தார். "யார்கிட்டயாவது எதையாவது சொல்லியிருக்கீங்களா இதுவரைக்கும்? காப்பி சாப்பிட்டுப் போங்க."

காப்பி குடிக்காமல் வந்துவிட்டேன். மறுநாள் காலை பஸ்ஸில் போலகம் போனேன். நீங்கள் சொல்லக்கூடாது என்று அம்மையார் தடுத்தது அவர் உயிரோடு இருந்தபோது. இனி அவர் ஆள் அனுப்பினார் என்று யாரும் சொல்ல முடியாது.

தாயார் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பார்வை மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. நான் வரிசையாகச் சொன்னேன். மகள் கேட்டது ஒரு காலை நேரம். அது கொடுக்கப்படவில்லை. நான்கு நாள் கடந்தது டாக்டர் கல்யாணத்துக்குப் போனதால். யாரும் ஊசி வைக்கக்கூடாது என்று சொன்னவர் அவர். அடைப்பு அவர் தேடிய இடத்தில் இல்லை. எனக்கு நிச்சயமில்லாத எதையும் சொல்லவில்லை. செல்வராசு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தாயார் கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, "அவ ஆக்கிப் போட்டா நான் தொட மாட்டேன் தம்பி. பக்கத்து வூட்டுலேருந்து வாங்கித் திம்பேன். அவ பாத்துகிட்டே இருப்பா" என்றார். கண்ணைத் துடைக்கவில்லை. மகனைக் கூப்பிட்டார். "செல்வராசு, படத்த நானே தொறக்குறேன். அந்த டாக்டர வர வேணாம்னு சொல்லாத. வரட்டும். மொத வரிசைல ஒக்கார வையி."

கருமாதி அன்று பெரிய டாக்டர் மாலையோடு வந்தார். முதல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். படம் திறக்கத் தன்னை அழைப்பார்கள் என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவர் எழுந்த நேரத்தில், செல்வராசு தாயாரைக் கைப்பிடித்து அழைத்துவந்தார். துணியை இழுத்தது அந்த அம்மாளின் கை. படத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"எம் மவன் செத்தது எம் மவளாலன்னு இந்த டாக்டரு எங்கிட்டச் சொன்னாரு. நான் நம்பிட்டேன். எம் மவ கேட்டது ஒரு காலப் பொழுது. இவரு கல்யாணத்துக்குப் போயிட்டாரு. எல்லாரும் கேட்டுக்குங்க."

பந்தலில் சோறு வடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பெரிய டாக்டர் மாலையை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போக இரண்டடி வைத்தார்.

"எங்க போறீங்க?" என்றார் தாயார். "கருமாதிக்கு வந்துட்டுக் கை நனைக்காமப் போவக் கூடாது. செல்வராசு, அவருக்கு எல போடு."

இலை போட்டார்கள். ஊர் பார்க்க உட்கார்ந்தார். செல்வராசே பரிமாறினார், ஒன்றையும் குறைக்காமல். பெரிய டாக்டர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். நான் எதிர் வரிசையில் இருந்தேன். அவர் ஒவ்வொரு கவளமாக விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே நானும் சாப்பிட்டேன். நீண்ட நாளுக்குப் பிறகு எனக்கு நன்றாகப் பசித்தது.

அம்மா, உங்களை மன்னிக்கும் குணம் படைத்தவர் என்று இனி இந்த ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. உங்கள் தாயாரும் கொடுக்கவில்லை. பாயசம் போட்டபோது பெரிய டாக்டர் போதும் என்று கையால் இலையை மறித்தார். உங்கள் தாயார் சத்தத்தை வைத்தே அதைக் கண்டுகொண்டு, "இன்னும் ஒரு கரண்டி ஊத்து" என்றார். ஊற்றினார்கள். போய் வாருங்கள்.